யெல்லோஸ்டோனில் தொலைந்தவரும் துரத்தப்பட்டவர்களும்



கானகப் பயணம் பற்றிப் பேச அழைத்தீர்கள். நான் அமெரிக்காவின் யெல்லோஸ்டோனுக்கு உங்களைக் கூட்டிப்போகிறேன். 1872 மார்ச் 1 அன்று அதிபர் கிராண்ட் கையெழுத்திட்டு, உலகின் முதல் தேசியப் பூங்காவாக அறிவித்த காடு அது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால் அங்கே நடந்ததைக் கேளுங்கள்.

1870 ஆகஸ்டில் மொன்டானாவிலிருந்து ஹென்றி வாஷ்பர்ன் தலைமையில் ஒரு குழு குதிரைகளில் கிளம்பியது. காவலுக்கு லெப்டினன்ட் குஸ்தாவஸ் டோனும் சில சிப்பாய்களும் சென்றார்கள். டோன் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குழுவில் ஒருவர் ட்ரூமன் எவர்ட்ஸ். வயது 54, வரி மதிப்பீட்டு அதிகாரியாக இருந்தவர், கிட்டப்பார்வைக்காரர். செப்டம்பர் 9 அன்று, விழுந்த மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்த அடர்காட்டில் வழி தேடிப் போன இடத்தில் குழுவை விட்டுப் பிரிந்துவிட்டார். மறுநாள் குதிரையை விட்டு இறங்கி வழி பார்க்கப் போனார். குதிரை மிரண்டு ஓடியது. துப்பாக்கி, போர்வை, தீக்குச்சி எல்லாம் அதன் முதுகோடு போய்விட்டன.

ஒரு இரவு மலைச்சிங்கம் துரத்த, மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார். ஆனால் அவரை அதிகம் வதைத்தது விலங்கு அல்ல. குளிர்; அதைவிடக் கொடுமையாகத் தரை! பனிப்புயலுக்கு அஞ்சி வெந்நீர் ஊற்றுகளின் ஓரத்தில் படுத்தார். கீழே சூடு, மேலே பனி. அந்த ஊற்றுகளைச் சுற்றிய நிலம் பார்வைக்குக் கெட்டியாக இருக்கும். கனிமம் படிந்து உருவான மெல்லிய ஓடு அது. அவர் பாரம் பட்டதும் ஓடு உடைந்தது. பீறிட்ட ஆவி இடுப்பை வேகவைத்துவிட்டது. தஞ்சம் புகுந்த இடமே தண்டித்தது, ஐயா!

சாப்பாடு? ஒரு முட்செடியின் கிழங்கைப் பிடுங்கி, கொதிக்கும் ஊற்று நீரிலேயே வேகவைத்துத் தின்றார். பிறகு வெயில் எட்டிப்பார்த்த ஒரு நேரத்தில் பளிச்சென்று ஒரு எண்ணம். கையிலிருந்த சிறு தூரநோக்கியின் லென்ஸை வெயிலுக்குக் காட்டிச் சருகில் நெருப்பு மூட்டினார். அந்த லென்ஸும் கிழங்கும்தான் அவரை உயிரோடு வைத்தன. 37 நாள்! அக்டோபர் 16 அன்று ஜாக் பாரனெட்டும் ஜார்ஜ் பிரிட்செட்டும் கண்டுபிடித்தபோது, தவழ்ந்துகொண்டிருந்தது எலும்புக்கூடு. அந்தச் செடிக்கு இன்று அவர் பெயர், பூங்காவில் ஒரு மலைக்கும் அவர் பெயர்.

அந்தத் தரை இன்றும் அப்படியேதான் இருக்கிறது. கொதிநீரில் விழுந்து இறந்தவர்கள் இருபது பேருக்கும் மேல். அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும். பலகைப் பாதையை விட்டு இறங்காதே என்ற பலகை இந்தச் சாவுகளால் எழுதப்பட்டது. தரையிடம் மட்டுமல்ல, விலங்குகளிடமும் எச்சரிக்கை வேண்டும். படம் எடுப்பதற்காகக் காட்டெருமையின் கிட்டே போகிறவர்களை நினைத்தால் எனக்கு நடுக்கமாக இருக்கிறது. பூங்காவில் மனிதரை அதிகம் காயப்படுத்தும் விலங்கு கரடி அல்ல, அந்த எருமைதான். அதனிடமிருந்து குறைந்தது 23 மீட்டர், கரடியிடமிருந்து 91 மீட்டர் தள்ளி நில்லுங்கள் என்பது அங்கே விதி.

இவ்வளவும் சாகசக் கதையாகப் புத்தகங்களில் வந்துவிட்டது. வராததையும் சொல்லவே இந்த மேடையில் நிற்கிறேன். எவர்ட்ஸ் செத்துப்பிழைத்த அந்த நிலத்தில், மலைச்செம்மறி ஆட்டை வேட்டையாடி வாழ்ந்த டுக்குடிகா மக்கள் இருந்தார்கள். எந்தக் கணவாயில் எப்போது பனி விழும் என்று அறிந்தவர்கள். மனிதர் அங்கே நடமாடி 11,000 ஆண்டுக்கு மேல் ஆகிறது. அங்குள்ள கருங்கண்ணாடிக் கல்லில் செய்த ஆயுதங்கள் ஒஹாயோவின் பழம்புதைமேடுகள் வரை போயிருக்கின்றன. அப்படிப்பட்டவர்களை, வெந்நீர் ஊற்றுகளைக் கண்டு பயந்து ஒதுங்கியவர்கள் என்று பூங்காவின் ஆரம்ப நிர்வாகிகள் கதை பரப்பினார்கள். பூங்கா அமைந்த பத்தாண்டுக்குள் அவர்களை வெளியேற்றினார்கள். 1877-இல் ராணுவம் துரத்த, வேறொரு பழங்குடியான நெஸ் பெர்ஸ் மக்கள் குழந்தை குட்டிகளோடு அதே பூங்கா வழியாக உயிருக்கு ஓடினார்கள். வழியில் சுற்றுலாவுக்கு வந்திருந்த ஒரு தம்பதியும் அவர்களிடம் அகப்பட்டார்கள். கணவர் ஜார்ஜ் கோவன் சுடப்பட்டுப் பிழைத்தார். மனைவி எம்மா உயிரோடு விடுவிக்கப்பட்டார். சுற்றுலாப் பயணியின் துன்பம் விரிவாகப் பதிவாயிற்று. ஓடியவர்களின் துன்பத்தை யார் பதிவு செய்தார்கள்?

டோனுக்கு வருகிறேன். எவர்ட்ஸ் தொலைந்த அதே 1870-இல், ஜனவரி 23 அன்று, மரியாஸ் ஆற்றங்கரையில் பெரியம்மையில் படுத்திருந்த பீகன் பழங்குடி மக்களின் முகாமை ராணுவம் சுட்டுத் தள்ளியது. இறந்தவர்கள் 173 பேர் என்று ராணுவமே கணக்குக் கொடுத்தது. பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். அதில் பங்கெடுத்த டோனின் பெயரையே பூங்காவின் ஒரு மலைக்கு வைத்திருந்தார்கள். பழங்குடி மக்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டார்கள். 2022 ஜூனில் அந்தப் பெயர் நீக்கப்பட்டது. முதற்குடிகள் மலை என்று புதுப்பெயர் வந்தது. அதே பூங்காவிலுள்ள ஹெய்டன் பள்ளத்தாக்கின் பெயரையும் மாற்றும்படி அவர்கள் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கோரிக்கையும் நிறைவேற வேண்டும் என்று இந்த மேடையில் நின்று சொல்கிறேன்.