குளூட்டனை நிறுத்திய பிறகும் பிள்ளை சோர்வாக இருக்கிறதா? தைராய்டையும் பாருங்கள்



சிலியாக் நோய் உள்ள பிள்ளைக்குச் சமைப்பது எளிதான வேலையன்று. பிராட்டா, சப்பாத்தி, ரவை உப்புமா, மஞ்சள் மீ எல்லாவற்றையும் நிறுத்தியிருப்பீர்கள். கடையில் விற்கும் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருப்பதால், சாம்பார், ரசத்தின் பக்குவத்தைக்கூட மாற்றியிருப்பீர்கள். இத்தனைக்குப் பிறகும் பிள்ளை களைத்துப்போனால், மலச்சிக்கல் தீராவிட்டால், உயரம் கூடாவிட்டால், "பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் எதையோ வாங்கிச் சாப்பிடுகிறான்" என்றுதான் முதலில் தோன்றும். சில வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், பிள்ளையைக் கடிந்துகொள்வதற்கு முன் மருத்துவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "தைராய்டுப் பரிசோதனை செய்தாகிவிட்டதா?"

இரண்டுக்கும் என்ன தொடர்பு?

சிலியாக் நோயில், குளூட்டனைச் சாப்பிடும்போது உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் சிறுகுடலைத் தாக்குகிறது. அதே ஆற்றல் கழுத்தின் முன்பகுதியில் உள்ள தைராய்டு சுரப்பியையும் தாக்கக்கூடும். இவ்விரு நோய்களுக்கும் பொதுவான மரபணுக்கள் சில உண்டு. அதனால் சிலியாக் நோய் உள்ள பிள்ளைகளிடம் தைராய்டுப் பிரச்சினை மற்றப் பிள்ளைகளைவிட அதிகமாகக் காணப்படுகிறது. எல்லாருக்கும் வரும் என்று பொருளல்ல. உங்கள் சமையலோ கவனிப்போ இதற்குக் காரணமும் அல்ல.

"பிறந்தபோதே தொப்புள்கொடி இரத்தத்தில் தைராய்டுப் பரிசோதனை செய்தார்களே" என்று நீங்கள் நினைக்கலாம். அது பிறவியிலேயே உள்ள குறைபாட்டைக் கண்டறிவதற்கானது. பின்னாளில் வரும் பிரச்சினையை அது காட்டாது.

எவற்றைக் கவனிக்க வேண்டும்?

தைராய்டு குறைவாகச் சுரந்தால்:
- களைப்பு, தூக்கக் கலக்கம், படிப்பில் கவனக்குறைவு
- குளிர் தாங்காமை, வறண்ட தோல், முடி உதிர்தல்
- மலச்சிக்கல், உடல் எடை கூடுதல்
- வளர்ச்சி மந்தமாதல், பருவமடைவதில் தாமதம்

அதிகமாகச் சுரந்தால்:
- நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைதல்
- நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், அதிக வியர்வை, எரிச்சல்

கழுத்தில் வீக்கம் இரண்டிலும் தெரியலாம். சில பிள்ளைகளுக்குத் தொடக்கத்தில் எந்த அறிகுறியும் இராது.

பிள்ளையின் சுகாதாரக் கையேட்டில் உயரத்தைத் தவறாமல் குறித்து வாருங்கள். பள்ளி வயதுப் பிள்ளை பொதுவாக ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வளரும். வளர்ச்சிக்கோடு படுக்கத் தொடங்கினால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காதீர்கள். எலும்பின் வளர்ச்சி முடிந்துவிட்டால், இழந்த உயரத்தை மீட்க முடியாது.

பரிசோதனையும் சிகிச்சையும்

டிஎஸ்எச், டி4 அளவுகளை அறிய ஓர் இரத்தப் பரிசோதனை போதும். தேவைப்பட்டால் மருத்துவர் எதிர்ப்புப் பொருள்களையும் சோதிப்பார். ஒருமுறை முடிவு சரியாக இருந்தாலும், மறுபடியும் எப்போது சோதிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தைராய்டு குறைவாகச் சுரந்தால் லெவோதைராக்சின் மாத்திரை கொடுக்கப்படும்.
- நாள்தோறும் ஒரே நேரத்தில், வெறும் வயிற்றில், காலை உணவுக்கு அரை மணி நேரமாவது முன்னதாகத் தண்ணீருடன் கொடுங்கள்.
- இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை 4 மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். சிலியாக் நோய் உள்ள பிள்ளைகள் பலர் இவற்றையும் சாப்பிடுவதால் இது முக்கியம்.
- சோயா பானமும் மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கலாம். மாத்திரையுடன் சேர்த்துக் கொடுக்க வேண்டாம்.
- மாத்திரையில் குளூட்டன் உள்ளதா என்று மருந்தாளரிடம் கேளுங்கள்.

குளூட்டன் இல்லாத உணவு குடலைக் காக்கும். ஆனால், தைராய்டு மாத்திரைக்கு அது மாற்றாகாது. உணவுக் கட்டுப்பாடு தளர்ந்து குடல் மீண்டும் பாதிக்கப்பட்டால், மாத்திரையும் சரியாகச் சேராமல் போகலாம். மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தவோ அளவை மாற்றவோ கூடாது.

தைராய்டுக்குச் சிகிச்சை பெறும் பிள்ளைக்குச் சிலியாக் நோய் இருக்குமோ என்று ஐயப்படுவோருக்கு ஒரு வார்த்தை: பரிசோதனைக்கு முன் நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் நோய் இருந்தும் முடிவில் தெரியாமல் போகலாம்.

அடுத்த முறை பலதுறை மருந்தகத்திற்கோ சிறப்பு மருத்துவரிடமோ செல்லும்போது உயரக் குறிப்பையும் மருந்துப் பட்டியலையும் கையோடு கொண்டுசெல்லுங்கள்.