ஆறு நாள் கணக்கு

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற கணக்காளரான நம் குடியிருப்புவாசி ஒருவர் பேசியது)

இருபத்தாறு வருஷம் பனியன் கம்பெனிகளில் சம்பளப் பட்டியல் போட்டவன் நான். சம்பளப் பிடித்தம் பற்றிப் பேசச் சொன்னார் செயலாளர்.

வருமான வரியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 2025-26 நிதியாண்டில், புதிய வரி முறையில், சம்பளத்தைத் தவிர வேறு வருமானம் இல்லாதவருக்கு 12 லட்சத்து 75 ஆயிரம் வரை வரி இல்லை. அதைத் தாண்டினால், வருஷத்துக்கு வரவேண்டிய வரியைக் கம்பெனியே கணக்கிட்டு மாதாமாதம் பிரித்துப் பிடிக்கும்.

நம்ம ஊரில் பெரும்பாலோரைத் தொடுவது பி.எஃப்.பும் இ.எஸ்.ஐ.யும்தான். ஒரு டெய்லருக்கு அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து 14,000, வீட்டு வாடகைப்படி 4,000 என்று வையுங்கள். பி.எஃப். 14,000-க்கு மட்டும் 12 சதவீதம்: 1,680. இ.எஸ்.ஐ., 2025 நவம்பர் வரை இருந்த விதிப்படி, மொத்தம் 18,000-க்கும் முக்கால் சதவீதம்: 135. அந்தக் கணக்கில் கையில் வந்தது 16,185. முதலாளி தன் பங்காக பி.எஃப்.புக்கு இன்னொரு 1,680-உம், இ.எஸ்.ஐ.க்கு மூன்றேகால் சதவீதமாக 585-உம் கட்டவேண்டியிருந்தது. ஒன்றரை ஷிப்ட் பார்த்தால், அந்த அரை ஷிப்ட் ஓ.டி. பணத்துக்கு பி.எஃப். கிடையாது, அந்தப் பழைய விதிப்படி இ.எஸ்.ஐ. உண்டு. இதில்தான் பலர் குழம்பினார்கள்.

இப்போது ஒரு பழைய கதை. கம்பெனி பெயர் வேண்டாம். செக்கிங் வேலை பார்த்த ஓர் அம்மா, நாள் சம்பளம் 500. மாதம் 26 நாள் வருவார். பதிவேட்டில் 12 நாள்தான் ஏறும். "பிடித்தம் கம்மியாகும், கையில் காசு நிற்கும்" என்றார்கள். அவரும் சரி என்றார். இ.எஸ்.ஐ.யில் அவருக்கு மிச்சமானது மாதம் 53 ரூபாய். பி.எஃப்.பில் 840 ரூபாய் கையில் நின்றது உண்மைதான். ஆனால் அதே அளவு முதலாளி பங்கும் அவர் கணக்குக்கு வராமல் போயிற்று.

பிப்ரவரியில் அவருக்கு மஞ்சள் காமாலை. ஒரு மாதத்துக்கும் மேல் படுக்கை. இ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவியாக நாள் சம்பளத்தில் 70 சதவீதம் தருவார்கள். அவருக்கு 350 ரூபாய். ஆனால் முந்தைய ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 78 நாளாவது சந்தா கட்டியிருக்கவேண்டும். பன்னிரண்டு ஆறு எழுபத்திரண்டு. ஆறு நாள் குறைந்தது. ஒரு ரூபாய்கூட வரவில்லை. அந்தப் பதிவேட்டை எழுதியது என் கைதானுங்க.

அதனால், உங்கள் வீட்டில் யார் கம்பெனிக்குப் போனாலும் சம்பளச் சீட்டில் ரூபாயை மட்டும் பார்க்காதீர்கள், நாளையும் எண்ணுங்கள். பி.எஃப். பாஸ்புக்கை உமாங் செயலியில் பாருங்கள். ஒரு மாதத்துப் பணத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாகவேண்டும். பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருந்தால், அது சட்டப்படி நம்பிக்கை மோசடி.

செயலாளருக்கும் ஒன்று. நம் வாட்ச்மேன்களுக்குப் பிடித்தம் போகத்தான் ஏஜென்சி சம்பளம் தருகிறது. அந்தப் பணம் கட்டிய சலானை, அவர்கள் பெயரும் வேலை நாளும் உள்ள பட்டியலோடு வாங்கிப் பார்த்துவிட்டு இந்த மாத பில்லுக்குக் கையெழுத்துப் போடுங்கள். சரிபார்க்க நானும் வருகிறேன்.