ஓஇடி வாசிப்புத் தேர்வு: அந்த முதல் 15 நிமிடம்

(வெளிநாட்டுப் பணிக்குத் தயாராகும் செவிலியர்களுக்கான வழிகாட்டி நிகழ்ச்சியில், ஆங்கிலப் பயிற்றுநர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நைட் டியூட்டி முடித்துவிட்டு நேராக இங்கே வந்தவர்களும் இருக்கிறீர்கள் என்று சொன்னார்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

ஓஇடி என்பது மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்கான ஆங்கிலத் தேர்வு. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பிரிவு. ஒவ்வொன்றுக்கும் 500 மதிப்பெண். பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்ய வேண்டுமானால், அங்குள்ள நர்சிங் அண்டு மிட்வைஃபரி கவுன்சில் வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றிலும் 350 கேட்கிறது. எழுத்துக்கு மட்டும் 300 போதும். கட்டணம் ஆஸ்திரேலிய டாலரில். நம் பணத்தில் முப்பதாயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். உங்களில் பலருக்கு அது ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம் என்று எனக்குத் தெரியும். நகையை அடகு வைத்துக் கட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆகவே "சும்மா ஒரு தடவை எழுதிப் பார்க்கலாம்" என்ற பேச்சே இங்கே வேண்டாம்.

பேசுவதற்கும் எழுதுவதற்கும்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். பயிற்சிக் கட்டணம், நேரம், தூக்கம் எல்லாம் அதற்கே போகிறது. வாசிப்பை யாரும் கண்டுகொள்வதில்லை. "பிஎஸ்சி நர்சிங் முழுக்க இங்கிலீஷ்லதானே படிச்சோம், வாசிக்கத் தெரியாதா?" என்கிறார்கள். அப்புறம் ரிசல்ட் வருகிறது. பேச்சில் 350 வந்திருக்கும், வாசிப்பு 340-இல் நிற்கும்.

காரணம் ஆங்கிலம் தெரியாதது இல்லை. நாம் வாசிக்கும் முறைதான். பாடப்புத்தகத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, மனப்பாடம் ஆகும் வரை வாசித்துப் பழகியவர்கள் நாம். பள்ளிக்கூடத்தில் பாடப்பகுதி கொடுத்துக் கேள்வி கேட்டால், கேள்வியில் உள்ள அதே சொல் எந்த வரியில் இருக்கிறது என்று தேடி, அந்த வரியை அப்படியே எழுதினோம், மார்க் வந்தது. இந்தத் தேர்வில் முதல் பழக்கம் ஏ பகுதியில் காலை வாரும். இரண்டாவது பழக்கம் சி பகுதியில்.

வாசிப்புத் தேர்வு மொத்தம் 60 நிமிடம், 42 கேள்வி. ஏ பகுதிக்கு மட்டும் தனியாக 15 நிமிடம். ஒரே நோயைப் பற்றியோ ஒரே சிகிச்சையைப் பற்றியோ நான்கு சின்னச் சின்னப் பனுவல்கள் தருவார்கள். ஒன்று மருந்து அளவு அட்டவணையாக இருக்கும், ஒன்று என்ன செய்வது என்று படிப்படியாகச் சொல்லும், இன்னொன்று பொது விளக்கம், இப்படி. அதில் 20 கேள்வி. கணக்குப் போட்டால் கேள்விக்கு 45 விநாடி. நேரம் முடிந்தால் ஏ பகுதி மூடிவிடும். மிச்சமுள்ள 45 நிமிடத்தில் திரும்பி வந்து பார்க்க முடியாது.

என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு செவிலியர், ஐசியுவில் ஏழு வருட அனுபவம் உள்ளவர், மாதிரித் தேர்வில் 20-க்கு 11 எடுத்தார். அவர் எழுதிய 11-உம் சரி! மற்ற ஒன்பதைத் தொடவே இல்லை. நான்கு பனுவலையும் நிதானமாக வாசித்து முடிக்கவே எட்டு நிமிடம் ஆகியிருக்கிறது. அவரிடம் ஒன்றுதான் கேட்டேன். "டியூட்டி மாறும்போது கேஸ் ஷீட்டை எப்படிம்மா பார்ப்பீங்க? முதல் பக்கத்திலிருந்தா?" சிரித்துவிட்டார். பொட்டாசியம் எவ்வளவு என்று டாக்டர் கேட்டால் லேப் ரிப்போர்ட்டுக்குப் போவோம், கடைசி டோஸ் எப்போது என்றால் மருந்துச் சார்ட்டுக்குப் போவோம். எது எங்கே இருக்கும் என்று கைக்குத் தெரியும். ஏ பகுதி கேட்பதும் அதேதான். முதல் ஒரு நிமிடம் நான்கு தலைப்பையும், உள்தலைப்புகளையும், அட்டவணையின் மேல்வரியையும் மட்டும் பாருங்கள். பிறகு நேராகக் கேள்விக்குப் போய்விடுங்கள்.

விடையைப் பனுவலில் இருக்கும் சொல்லாகவே எழுதுங்கள். உங்களுக்குத் தெரிந்த வேறு நல்ல சொல் வேண்டாம். ஏ பகுதியில் எழுத்துப்பிழை இருந்தால் மார்க் கிடையாது. இங்கேதான் நம் கையிலிருக்கும் போன் ஒரு கெடுதல் செய்திருக்கிறது. ஹெமரேஜ், டயரியா மாதிரிச் சொற்களைப் பாதி தட்டினால் போதும், மீதியை அதுவே போட்டுவிடும். விரல் அதற்குப் பழகிவிட்டது. பயிற்சி செய்யும் நாட்களில் கீபோர்டு செட்டிங்ஸில் தானாகத் திருத்தும் வசதியையும், சொல் பரிந்துரையையும் அணைத்து வையுங்கள். ஒரு வாரம் எரிச்சலாக இருக்கும், அவ்வளவுதான்.

பி பகுதியில் ஆறு குட்டிப் பனுவல்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி, மூன்று விடைகள். மருத்துவமனைச் சுற்றறிக்கை, கருவியின் கையேடு, பணி விதிமுறை மாதிரியானவை. இதில் பெரிய சொற்கள் நம்மைத் தடுக்காது, சின்னச் சொற்கள்தான் தடுக்கும். ஒரு எடுத்துக்காட்டு. "டூ நாட் ரிமூவ் த டிரெஸ்ஸிங் அன்லெஸ் இட் இஸ் சோக்ட்." அவசரத்தில் வாசிப்பவர் கண்ணில் 'ரிமூவ்', 'சோக்ட்' இரண்டும்தான் படும். 'அன்லெஸ்' நழுவிவிடும். கட்டை எடுக்கவே கூடாது என்று ஒருவர் புரிந்துகொள்வார், எடுத்தே ஆகவேண்டும் என்று இன்னொருவர். நனைந்து ஊறினால் ஒழிய எடுக்காதே என்பதுதான் விஷயம். 'ஒன்லி', 'ஈவன் இஃப்', 'ரேதர் தேன்', 'மஸ்ட்', 'மே' இவற்றைப் பார்த்தால் ஒரு விநாடி நில்லுங்கள். வார்டிலும் நோயாளிக்கு ஆபத்து வருவது இந்தச் சொற்களில்தான். அதனால்தான் இந்தத் தேர்வே வைக்கிறார்கள்.

சி பகுதிக்கு இரண்டு நீண்ட கட்டுரைகள், ஒவ்வொன்றும் சுமார் 800 சொற்கள், தலா எட்டுக் கேள்வி, நான்கு விடைகள். இங்கே தகவலைவிட எழுதியவரின் எண்ணத்தைத்தான் அதிகம் கேட்பார்கள். ஒரு ஆய்வை அவர் ஏற்கிறாரா, சந்தேகப்படுகிறாரா? இந்த 'இட்' எதைக் குறிக்கிறது? தவறான விடைகளில் மூன்று ரகம் உண்டு. கட்டுரையில் உள்ள அதே சொற்களைப் போட்டுப் பொருளை மாற்றியிருப்பார்கள். கட்டுரை "சிலருக்கு உதவலாம்" என்று சொன்னதை "உதவும்" என்று அழுத்தமாக்கியிருப்பார்கள். மூன்றாவது ரகம் நமக்கென்றே செய்தது மாதிரி இருக்கும்: மருத்துவப்படி உண்மை, ஆனால் கட்டுரையில் இல்லை. அனுபவசாலிகள் விழுவது இதில்தான். உங்கள் மருத்துவ அறிவை அந்த 45 நிமிடத்துக்கு வாசலில் கழற்றி வைத்துவிடுங்கள்.

நேரத்தை பி பகுதிக்குப் பத்து நிமிடம், சி கட்டுரை ஒவ்வொன்றுக்கும் 16 என்று பிரித்தால் மூன்று நிமிடம் கையில் நிற்கும். தவறான விடைக்கு மார்க் குறைப்பு இல்லை. எனவே எதையும் காலியாக விடாதீர்கள்.

எதை வைத்துப் பயிற்சி செய்வது? தேர்வு நடத்துபவர்களின் இணையதளத்திலேயே இலவச மாதிரித் தேர்வுகள் இருக்கின்றன. முதலில் அவற்றை முடியுங்கள். வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் பிடிஎஃப்களில் விடைக்குறிப்பே தப்பாக இருப்பதை நிறையப் பார்த்தாயிற்று. அன்றாட வாசிப்புக்கு உலக சுகாதார நிறுவனத்தின் நோய்க் குறிப்புகள், பிரிட்டன் என்எச்எஸ் இணையதளப் பக்கங்கள் போதும். இலவசம், போனிலேயே வரும். பஸ்ஸில் போகும்போது ஒரு பக்கம் வாசித்து, எழுதியவர் என்ன சொல்ல வருகிறார் என்று ஒரே வரியில், தமிழில் என்றாலும் சரி, உங்களுக்கு நீங்களே சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லை என்றால் வாசிக்கவில்லை, கண் ஓடியிருக்கிறது.

ஆனால் முழு மாதிரித் தேர்வைப் போனில் எழுதாதீர்கள். கம்ப்யூட்டரில் தேர்வு எழுதுபவர் பெரிய திரையில் பழகியிருக்க வேண்டும். வீட்டில் இல்லாவிட்டால் அருகிலுள்ள அரசு நூலகத்தில் கம்ப்யூட்டர் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். வாரம் ஒரு முறை, 60 நிமிடம், போனை அணைத்துவிட்டு உட்காருங்கள்.

பணம் சம்பந்தமாக ஒரு வார்த்தை. "வினாத்தாள் கிடைக்கும்", "எழுதாமலே சான்றிதழ் வாங்கித் தருகிறோம்" என்று சொல்பவர்களிடம் பேச்சே வைத்துக்கொள்ளாதீர்கள். மதிப்பெண்ணை அந்த நாட்டுக் கவுன்சில் நேரடியாகச் சரிபார்க்கிறது. போலி என்று தெரிந்தால் பணத்தோடு போகாது, அங்கே பதிவு செய்யும் வழியே அடைபடலாம். ஏஜென்ட் மூலம் போகிறீர்கள் என்றால், அவர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று உங்கள் போனிலேயே பாருங்கள். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் உச்சவரம்பு. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் செவிலியர் பணி அறிவிப்புகளைத் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. லட்சக்கணக்கில் கேட்பவரிடம் போவதற்கு முன் அதை ஒரு தடவை திறந்து பாருங்கள்.

இன்னொன்று. தேர்வுக்குப் பதிவு செய்யும்போது பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். நம் ஊரில் அப்பா பெயர் இனிஷியலாக ஓரிடத்தில், முழுதாக இன்னோரிடத்தில் இருக்கும். நர்சிங் கவுன்சில் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் வைத்து இன்றைக்கே ஒப்பிட்டுப் பாருங்கள். திருத்தம் வேண்டும் என்றால் அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம்.

சரி, கேள்விகள் கேளுங்கள். நைட் டியூட்டி பார்த்தவங்க முதல்ல கேளுங்க, நீங்க வீட்டுக்குப் போய்த் தூங்கணும்.