காதும் கணக்கும்



காது எப்படிக் கேட்கிறதென்றால், அது மனித அறிவுக்கு எட்டாததென்று வாயை அடைப்பதே நம்மவர்கள் வழக்கம். பெக்கெஸி என்பவரோ, பிணத்தின் காதைத் திறந்து பார்த்தார். நத்தைக் கூடு போல் சுருண்ட குழலுக்குள் ஒலி அலையாக ஓடுவதையும், கீச்சுக் குரல் வாசலருகிலும் கட்டைக் குரல் கோடியிலும் உச்சமடைவதையும் கண்டார். 1961-ல் நோபல் பரிசு பெற்றார்.

1988-ல் அமெரிக்காவில் லையன், மீட் என்ற இருவர் அக்குழலைப் போலவே, வடிகட்டிகளை வரிசையாய்த் தொடுத்து ஒரு சிலிக்கான் சில்லு செய்தார்கள். அது மின்னழுத்தத்தைக் கொண்டு வேலை செய்வது. சூடு மாறினால் அளவும் மாறும். எண்களைக் கொண்டு வேலை செய்யும் டிஜிட்டல் சில்லுக்கு அந்தத் தொல்லையில்லை. ஆனால் வடிகட்டி ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெருக்கல் உறுப்பு வைத்தால் சில்லும் பெருக்கும், மின்சாரமும் தீரும்.

இங்கேதான் யோசனை வேண்டும். ஒலியை விநாடிக்கு 40,000 எண்களாக எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சில்லின் துடிப்போ விநாடிக்கு 10 கோடி. ஆகவே இரண்டு எண்களுக்கு நடுவே 2,500 துடிப்புகள் இருக்கின்றன. ஒரே உறுப்பு, தலைக்கு 25 துடிப்பு வீதம் 100 வடிகட்டிகளின் வேலையையும் முறைவைத்துப் பார்த்துவிடலாமா, இல்லையா? நூறு பேருக்குச் சட்டை தைக்க நூறு தையல் மிஷின் எதற்கு? அவரவர் அளவைக் குறித்து வைத்தால் போதுமே! அந்தக் குறிப்புத்தான் சில்லிலுள்ள நினைவகம்.

இன்னுமொன்று. உயிருள்ள காது, மெல்லிய ஓசையைத் தானே பெருக்கி, பெரும் சத்தத்தை அவ்வளவாகப் பெருக்காமல் விடுகிறது. பிணத்தின் காதில் பெக்கெஸிக்கு இது தென்படவில்லை. சில்லும் அப்படிச் செய்யவேண்டுமானால், குறித்த அளவுகளைச் சத்தத்துக்குத் தக்கபடி ஓயாமல் திருத்தவேண்டும். மின்சாரம் செலவாவதில் ஒரு பங்கு அதற்குத்தான். காதுக்குப் பின்னே மாட்டும் கருவியின் மின்கலமோ பொத்தானளவு.