எல்லிஸ் ஆர். டங்கன்: தமிழில் உருவான அமெரிக்க இயக்குநர்

எல்லிஸ் ஆர். டங்கன் 1909 மே 11 அன்று அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் பார்ட்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். 1935இல் இந்தியாவுக்கு வந்து, 1936 முதல் 1950 வரை தமிழ்ப் படங்களை இயக்கினார். பின்னர் நாடு திரும்பி, மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் வாழ்ந்து 2001 டிசம்பரில் மறைந்தார். எம்.ஜி.ஆரின் முதல் படமும் எம்.எஸ். சுப்புலட்சுமியின் கடைசிப் படமும் அவர் இயக்கியவை. இவை ஜொகூர் பாருவில் இவ்வுரை கேட்கும் அவையினர் அறிந்த செய்திகளே. 

டங்கனைப் பற்றித் திரைவரலாற்றாளரிடையே நெடுங்காலமாக இரு கட்சிகள் உண்டு. ஒரு கட்சி அவரைத் தமிழ்த் திரைக்கு ஹாலிவுட்டை இறக்குமதி செய்தவராகக் கொண்டாடுகிறது. நகரும் கேமரா, நெருக்கக் காட்சி, இயல்பான நடிப்பு என எதை எடுத்தாலும் அதில் டங்கனே முதல்வர் என்று அது பட்டியலிடும். 1930களின் தமிழ்ப் படங்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு இன்று பிரதியே இல்லாதபோது, எது முதல் என்று இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறார்கள் என்பது வியப்புக்குரியது. மற்றக் கட்சி, தமிழ் ஒரு சொல்லும் அறியாதவர் தமிழ்ப் படத்தை எப்படி இயக்க முடியும் என்று கேட்டு, அவரை வெறும் கேமரா வல்லுநராக ஒதுக்கிவிடுகிறது. ஹாலிவுட் இயக்குநர் ஒருவர் தமிழுக்கு வந்தார் என்ற ஒரே அடித்தளத்தின் மேல்தான் இரு கட்சிகளும் நிற்கின்றன. அந்த அடித்தளமே பிழையானது.

டங்கன் பயின்றது லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில். 1929இல் ஆஸ்கர் விருது வழங்கும் அகாடமியின் ஒத்துழைப்போடு அங்கே திரைப்படக் கல்வி தொடங்கியிருந்தது. உடன் பயின்றவர்களில் ஒருவர் மாணிக்லால் டாண்டன். அவருடைய அழைப்பின் பேரில், சில மாதங்கள் தங்கிப் பார்க்கும் எண்ணத்தோடு டங்கன் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. அமெரிக்காவில் ஒரு முழுநீளக் கதைப்படத்தையும் அவர் இயக்கியிருக்கவில்லை. கே.பி. சுந்தராம்பாள் நடித்த 'நந்தனார்' (1935) படத்தை டாண்டன் இயக்கியபோது டங்கன் அவருக்குத் துணை நின்றார். அடுத்து வந்த ஒரு வாய்ப்பை ஏற்க டாண்டனுக்கு நேரமில்லை. நண்பரின் பெயரைச் சொல்லிவிட்டார். அந்த வாய்ப்புதான் 'சதி லீலாவதி'.

சதி லீலாவதி

கோயம்புத்தூர் மனோரமா பிலிம்ஸ் சார்பில் ஏ.என். மருதாசலம் செட்டியார் தயாரித்த இப்படம் 1936இல் வெளிவந்தது. கதை எஸ்.எஸ். வாசன் எழுதியது, ஆனந்த விகடனில் தொடராக வந்தது. இதே சாயலில் 'பதிபக்தி' என்ற மேடை நாடகம் ஒன்றும் நடந்துகொண்டிருந்ததால் கதை யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு எழுந்தது. வாசன் சாட்சியம் அளித்தபோது மறைக்காமல் சொல்லிவிட்டார்: தொடர்கதைக்கும் நாடகத்துக்கும் மூலம் ஆங்கில எழுத்தாளர் எலன் வுட் எழுதிய 'டேன்ஸ்பரி ஹவுஸ்' என்ற நாவல். 1860இல் ஸ்காட்லாந்து மதுவிலக்குச் சங்கம் ஒன்று நடத்திய போட்டியில் நூறு பவுண்டு பரிசு பெற்ற நாவல் அது. ஆக, படப்பிடிப்புத் தளத்துக்கு டங்கன் வருமுன்பே மேல்நாட்டுச் சரக்கு தமிழுக்குள் வந்து, விகடன் வாசகர் கையில் தமிழ்க் கதையாகவே உருமாறிவிட்டது. டங்கன் மேல்நாட்டைக் கொண்டுவந்தார் என்போர் இந்த வழக்கைக் கவனிப்பதில்லை.

கதையின் போக்கும் கவனிக்கத்தக்கது. சென்னையின் செல்வந்தன் கிருஷ்ணமூர்த்தி தீய நண்பன் ஒருவனால் குடிக்கும் மோகனாங்கி என்ற பெண்ணுக்கும் அடிமையாகிறான். கடன் கழுத்தை நெரிக்கிறது. மனைவி லீலாவதி மீது ஐயம் வருகிறது. குடிவெறியில் இன்னொரு நண்பனைச் சுட்டுவிட்டதாக நம்பி, இலங்கையின் கண்டிச் சீமைக்கு ஓடிப்போய்த் தேயிலைத் தோட்டத்தில் கூலியாகச் சேர்கிறான். ஊரில் லீலாவதி இராட்டையில் நூல் நூற்று மகளைக் காப்பாற்றுகிறாள். மதுவிலக்கும் இராட்டையும் அன்றைய காங்கிரஸ் அரசியலின் நேரடிக் குரல்கள். அவற்றை லாஸ் ஏஞ்சலிஸ் வகுப்பறை கற்றுத் தந்திருக்க இயலாது.

தோட்டப் பகுதி இன்னும் முக்கியமானது. கடல் கடந்த தமிழ்க் கூலியின் வாழ்வைத் தமிழ்த் திரை காட்டிய தொடக்க முயற்சிகளில் ஒன்று அது. படம் வந்த ஆண்டின் இறுதியில்தான் வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார் மலாயாத் தோட்டத் தொழிலாளர் நிலையை ஆராய இந்திய அரசால் அனுப்பப்பட்டார். 1938இல் மலாயாவுக்கு உதவித்தொகையோடு ஆள் அனுப்புவதை இந்தியா நிறுத்தியது. துரை, கங்காணி, பெரட்டுக் களம் என்ற உலகம் அன்று செய்தித்தாளில் நாள்தோறும் விவாதிக்கப்பட்ட ஒன்று. படத்தில் வருவது தேயிலை. ஜொகூரில் நின்றது ரப்பர். ஆள் கட்டும் முறையும் லயத்து வாழ்வும் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் படத்தின் தீர்வு பலவீனமானது. கிருஷ்ணமூர்த்திக்குப் புதையல் கிடைக்கிறது. அதை முதலாளியிடம் நேர்மையாக ஒப்படைக்கிறான். முதலாளி அவனைத் தத்தெடுக்கிறார். பெரட்டில் நின்று பெயர் கொடுத்துப் பழகிய எந்தத் தொழிலாளியும் இந்தப் புதையலை நம்பியிருக்க மாட்டார். இந்தக் குறையும் தமிழ்த் தொடர்கதையின் குறையே; அதற்காக டங்கனைப் பழிப்பது முறையன்று.

இனி நடிகர்கள். கதாநாயகன் எம்.கே. ராதா, வில்லன் டி.எஸ். பாலையா, நகைச்சுவைக்கு என்.எஸ். கிருஷ்ணன், காவல் ஆய்வாளராகச் சிறு வேடத்தில் எம்.ஜி. ராமச்சந்திரன். நால்வரும் திரைக்குப் புதியவர்கள். நால்வரும் நாடகக் கம்பெனிகளில் பயின்றவர்கள். கடைசி வரிசைக்கும் குரல் எட்ட வேண்டும் என்று கற்றவர்கள். மைக் அருகில் இருக்கும்போது குரலைத் தாழ்த்தலாம், கண்ணும் புருவமும் பேசலாம் என்பதை அவர்கள் இங்கே கற்றார்கள். முழுப் படத்தைத் தனிப்பொறுப்பில் இயக்கிய அனுபவம் டங்கனுக்கும் அதற்குமுன் இல்லை. மொழி அறியாதவர், ஆங்கிலம் அறிந்த உதவியாளர் வழியே, நடிகரின் முகத்தையும் குரலின் ஏற்ற இறக்கத்தையும் பார்த்துக் காட்சியை ஏற்றுக்கொள்ளும் முறையை அவர் வகுத்துக்கொண்டதும் இப்படி வேலை செய்துதான். ஹாலிவுட்டில் நடிகரும் இயக்குநரும் பெரும்பாலும் ஒரே மொழி பேசியதால் இதற்கு அங்கே பயிற்சி பெற வாய்ப்பு குறைவு. தளத்தில் கேமராவின் இருபுறமும் நின்றவர்கள் புதியவர்கள். அவர்களில் யார் யாருக்கு ஆசிரியர் என்று பிரித்துச் சொல்வது கடினம். 'சதி லீலாவதி'யைத் தமிழ் நடிகர்களுக்கு டங்கன் நடத்திய பாடமாகப் படிக்கும் நூல்கள், அதே தளத்தில் டங்கன் மாணவராக இருந்ததைப் பார்க்கத் தவறுகின்றன.

அம்பிகாபதி முதல் மீரா வரை

டங்கன் ஹாலிவுட்டை இறக்குமதி செய்தார் என்போரின் வலுவான சான்று 'அம்பிகாபதி' (1937). எம்.கே. தியாகராஜ பாகவதரும் எம்.ஆர். சந்தானலட்சுமியும் நடித்த இப்படத்தின் காதல் காட்சிகளுக்கு 'ரோமியோ ஜூலியட்' முன்மாதிரி என்பதும், அதை எழுத்தாளர் இளங்கோவனுக்குச் சுட்டிக்காட்டியவர் டங்கன் என்பதும் உண்மை. 1936இல் ஜார்ஜ் க்யூக்கர் இயக்கிய அப்படம் அமெரிக்காவில் வந்திருந்தது. ஆயினும் மக்கள் மனத்தில் நின்றது மாடத்துக் காட்சியமைப்பு மட்டுமன்று. இளங்கோவனின் வசனமும் பாகவதரின் பாட்டும் இல்லாவிட்டால் அக்காட்சி நிழற்படமாகவே நின்றிருக்கும்.

1940இல் வந்தவற்றுள் இரண்டு: எம்.எஸ். சுப்புலட்சுமியும் ஜி.என். பாலசுப்பிரமணியமும் நடித்த 'சகுந்தலை', நாதசுர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளை நடித்த 'காளமேகம்'. முதலாவது நினைக்கப்படுகிறது, இரண்டாவதை நாதசுர ரசிகர் மட்டும் தேடுவர்.

1945 தீபாவளிக்கு வந்த 'மீரா'வில் டங்கனின் கை தேர்ந்தது. படப்பிடிப்புக்கு முன் எம்.எஸ்ஸின் தலையைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிசில் வார்த்து, ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியோடு சேர்ந்து பல கோணங்களில் விளக்கொளி பாய்ச்சிச் சோதித்தார். பாடகியின் முகம் இசை கேட்கும் கணத்தில் எப்படித் தோன்ற வேண்டும் என்பது அப்படி முடிவானது. ராதா என்ற சிறுமி நடித்த குழந்தை மீரா பாட்டின் போக்கிலேயே வளர்ந்த மீராவாக மாறும் இடத்தில் வசனம் தேவைப்படவில்லை. பத்து ஆண்டு கர்நாடக இசைச் சூழலில் வேலை செய்தவருக்கே அந்த வெட்டு சாத்தியம். 1947இல் சரோஜினி நாயுடுவின் அறிமுகவுரையோடு இந்தி 'மீரா' வெளியாயிற்று.

பிற்காலம்

1950இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸுக்காக இரண்டு படங்கள். பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' காவியத்தைத் தழுவிய 'பொன்முடி'யின் காதல் காட்சிகள் கண்டனம் பெற்றன. மு. கருணாநிதி எழுதிய 'மந்திரி குமாரி' முடியுமுன் டங்கன் அமெரிக்கா சென்றார், மீதியை டி.ஆர். சுந்தரம் முடித்தார். 1952இல் மாடர்ன் தியேட்டர்ஸ் பங்கேற்ற 'தி ஜங்கிள்' என்ற ஆங்கிலப் படத்தில் டங்கன் தயாரிப்பாளர் மட்டுமே. இயக்கியவர் வில்லியம் பெர்க். அதன்பின் வீலிங்கில் ஆவணப்படங்கள் எடுத்தார். தாயகத்தில் பெரிய கதைப்படம் எதையும் இயக்கும் வாய்ப்பு அவருக்கு அமையவில்லை. ஹாலிவுட் இயக்குநர் என்ற பட்டத்தை ஹாலிவுட்டே அவருக்கு வழங்கவில்லை. தமிழ்நாட்டுத் திரைவரலாற்று நூல்கள்தாம் வழங்கின.

செய்ய வேண்டுவன

ஆய்வாளருக்குச் சில குறிப்புகள். ஜொகூர் பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்பு நிலையத்தில் மலாய்ப் படம் எடுத்தவர்களில் பி.எஸ். ராஜ்ஹன்ஸ், 'ஹங் துவா' (1956) இயக்கிய பணி மஜும்தார், தமிழில் 'சாலிவாகனன்' (1945) இயக்கிவிட்டு வந்த பி.என். ராவ் ஆகியோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். மலாய் அவர்கள் தாய்மொழி அன்று. பி. ராம்லியைக் கதாநாயகனாக்கிய 'பக்தி' (1950) எல். கிருஷ்ணன் இயக்கியது. டங்கனின் முறையையும் இவர்களின் முறையையும் ஒப்பிட்டு ஒரு நல்ல நூல் எழுதலாம். தமிழ் நேசன், தமிழ் முரசு நாளிதழ்களின் பழைய விளம்பரங்களிலிருந்து டங்கன் படங்கள் மலாயாவில் எங்கெங்கே ஓடின என்று தொகுக்கலாம். படப்பிடிப்பு உதவியாளர்களின் பெயர்களைத் திரட்டுவதும் தேவை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஜொகூரின் குளுவாங், குளாய், சிகாமட் வட்டாரத்துத் தோட்ட வீடுகளில் பழைய படங்களின் பாட்டுப் புத்தகங்கள் இன்னும் பெட்டிகளில் கிடக்கக்கூடும். பிரதி அழிந்த படங்களுக்கு நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம், தொழில்நுட்பக் கலைஞர் பெயர் ஆகியவை பெரும்பாலும் அவற்றில்தான் கிடைக்கின்றன. அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் போடாமல் அருகிலுள்ள நூலகத்தில் ஒப்படைக்குமாறு அவையினர் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.