ஆங்கிலம் நாவில் பழகட்டும்

(பெற்றோர் – ஆசிரியர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பத்தாண்டுகள் ஆங்கிலம் படித்த பிள்ளை பாடத்தை மடமடவென்று வாசிக்கிறது. கட்டுரையை மனப்பாடமாக எழுதிவிடுகிறது. ஆனால் நேர்முகத் தேர்வில் சொந்த ஊரைப்பற்றி இரண்டு வார்த்தை கேட்டால் நா எழுவதில்லை. வேலை கைநழுவிப் போகிறது. குறை பிள்ளையிடம் இல்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத் தாள் எழுத்துத் தேர்வு. தேர்வில் வராத பேச்சுக்கு வகுப்பில் யார் நேரம் ஒதுக்குவார்?

ஏட்டுமொழி வேறு, பேச்சுமொழி வேறு என்பதை ஏலாக்குறிச்சியில் பணியாற்றிய வீரமாமுனிவர் நன்கு அறிந்திருந்தார். இத்தாலியரான அவர், மக்கள் பேசும் கொடுந்தமிழுக்கென்றே 1728-இல் இலத்தீனில் தனி இலக்கணம் எழுதினார். செந்தமிழுக்கு எழுதியது வேறு நூல்.

நம் காலத்தில் பேராசிரியர் என். எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை, பெங்களூர், சென்னை முதலிய இடங்களில் ஒரு முயற்சி செய்தார். இலக்கணத்தை வரிசையாகப் புகட்டாமல், இரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைப் பிள்ளைகளிடம் கொடுத்து விடை காணச் சொன்னார். முதலில் ஆசிரியர் வகுப்போடு பேசிப் பேசி ஒன்றைச் செய்து முடிப்பார். அதுபோன்ற இன்னொன்றைப் பிள்ளைகள் தாமே செய்வார்கள். கருத்து பொருளில் ஊன்றியிருக்கும்போது மொழி தானே படியும் என்பது அவர் கொள்கை. தொடக்கத்திலேயே பேசு, பேசு என்று அவர் நெருக்கவுமில்லை.

நமக்கு இதற்குப் பஞ்சமா? திருவரங்கம், டவுன், பொன்மலை, ஜங்ஷன் என்று வரிசையாக நிலையங்கள் இருக்கின்றன. ஒரு பிள்ளை வெளியூர்ப் பயணி. மற்றொன்று விசாரணை அலுவலர். அட்டவணை ஒருவர் கையில் மட்டும் இருக்கட்டும். இருவரிடமும் இருந்தால் பேச்சுக்கு வேலையில்லை. "வென் டஸ் தி டிரெயின் லீவ்?" என்று கேட்டே தீரவேண்டும். அந்த வண்டி தவறினால் அடுத்தது எது? ஒன்றாம் எண் பேருந்தில் போனால் விரைவாகுமா? பிறகு இடம் மாறி அமரட்டும்.

தமிழ் பேசினால் அபராதம் என்ற வழக்கம் சில பள்ளிகளில் உண்டு. எனக்கு அதில் சற்றும் உடன்பாடில்லை. அஞ்சிய பிள்ளை இரு மொழியிலும் ஊமையாகிவிடும். தவறாகப் பேசினால் சிரிக்காதீர்கள். பேசி முடிக்கட்டும், பிறகு திருத்தலாம். ஆங்கிலம் அறியாத தாய்மார்களே, நீங்களும் கவலைப்படவேண்டாம். இரவில் பத்து நிமிடம் பிள்ளை பேசுவதைக் கேட்டிருந்தாலே போதும்.

வரும் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பள்ளி மண்டபத்தில் தொடங்குகிறோம். வீட்டில் பழைய இரயில் அட்டவணை கிடந்தால் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள்.