தகரப் பெட்டியும் போகித் தீயும்

(யூபிலி விழாவின் முதல் நாள் மாலை, பங்குக் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



விழா மேடையில் ஏறிய குருவானவர் நன்றி கூறத் தொடங்கினால் பந்தியில் சோறு ஆறிவிடும் என்பது நீங்கள் அறிந்ததே. நன்றியை நிறைவுத் திருப்பலிக்கு வைத்துக்கொள்வோம். இன்று நாம் பேச வந்தது பழைய காகிதங்களைப் பற்றி. விழா நேரத்தில் இது என்ன பேச்சு என்று முணுமுணுக்க வேண்டாம். காரணம் இருக்கிறது.

இந்த மலருக்குப் பங்கின் வரலாறு எழுத வேண்டுமென்று நம் இளைஞர்கள் மூன்று மாதமாக வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். கோயிலில் என்ன கிடைத்தது? ஞானஸ்நானப் புத்தகம், திருமணப் புத்தகம், அடக்கப் புத்தகம். இவற்றில் பெயர் உண்டு, தேதி உண்டு, ஞானத்தாய் தந்தையர் பெயரும் உண்டு. ஆனால் செங்கல் சுமந்தவர் யார், வானம் பொய்த்த ஆண்டில் திருநாளை எப்படி நடத்தினார்கள், எந்தச் சண்டையால் எந்தச் சபை இரண்டாண்டு கூடாமல் போயிற்று என்று ஒரு வரியும் இல்லை. வீடுகளில் கேட்டால் பத்துக்கு எட்டு வீட்டில் ஒரே பதில்: “இருந்தது சாமி, தாத்தாவோட தகரப் பெட்டி நிறைய இருந்தது. போகிக்குப் போட்டு விட்டோம்.”

போகிக்குப் பழைய பாயைப் போடலாம், பிய்ந்த முறத்தைப் போடலாம். தாத்தாவின் கடிதங்களை ஏன் போட்டீர்கள் என்று கோபிக்க நமக்கு வாய் எழுந்தது. உடனே மூடிக்கொண்டோம். ஏனென்று சொல்லுகிறோம்.

நாம் குருப்பட்டம் பெற்ற புதிதில், வேறொரு பங்கில் உதவிக் குருவாக இருந்தபோது, அங்கே முதிய குருவானவர் ஒருவர் இறந்தார். புதிதாக வருகிறவருக்கு அறையை ஒழித்துக் கொடுக்கும் வேலை நம்மிடம் வந்தது. இரண்டு கோணி நிறையக் கடிதங்கள், நாட்குறிப்புகள், கஞ்சித்தொட்டிக் கணக்குகள், ஆயருக்கு எழுதியவற்றின் நகல்கள். குருமடத்தில் எட்டு ஆண்டு தத்துவமும் இறையியலும் படித்த நாம், குசினிக்குப் பின்னால் அவற்றைக் கொட்டிக் கொளுத்தினோம். சமையற்காரர் கூட, “நல்ல காகிதமாயிருக்கே சாமி, மளிகைக் கடைக்காவது போடலாமே” என்றார். பல ஆண்டு கழித்து ஓர் ஆய்வு மாணவி அந்தக் குருவானவரின் கஞ்சித்தொட்டிகளைப் பற்றி விசாரித்துக்கொண்டு நம்மிடமே வந்து சேர்ந்தாள். தேநீர் வரவழைத்துக் கொடுத்தோம். வேறென்ன கொடுப்பது?

ஆகவே இது உங்களை மட்டும் குறை கூறும் உரை அன்று.

நூலகம் வேறு, ஆவணக் காப்பகம் வேறு. நூலகத்தில் இருக்கும் புத்தகம் செல்லரித்தால் இன்னோர் ஊரில் அதன் படி கிடைக்கும். ஒரு மனிதர் எழுதிய கடிதத்துக்கும் ஒரு சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்பேட்டுக்கும் வேறு படி உலகத்தில் எங்கும் இல்லை. தனி மனிதரின் காகிதம், அமைப்பின் பதிவேடு ஆகிய இவ்விரண்டையும் தேடித்தான் ஆராய்ச்சியாளர்கள் ஊர் ஊராக அலைகிறார்கள். புது தில்லியில் நேரு நினைவு நூலகம் என்று பெயர் பெற்று, 2023 முதல் பிரதம மந்திரிகள் நூலகம் எனப்படும் இடத்தில், நம் இராஜாஜியின் காகிதங்களும் இருக்கின்றன, அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டியின் கோப்புகளும் இருக்கின்றன.

பெரியவர்களின் காகிதத்துக்குத்தானே மதிப்பு என்பீர்கள். மதுரை மிஷனைப் பாருங்கள். 1606-இல் தத்துவ போதகராகிய ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தார். அவருக்கும் பின் வந்த சேசுசபைக் குருக்களுக்கும் ஒரு கட்டாயக் கடமை உண்டு. ஆண்டுதோறும் தங்கள் மேலதிகாரிகளுக்குக் கடிதம் எழுதியாக வேண்டும். எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று எழுதும்போதே, எந்தப் படை எந்த வழியாகப் போயிற்று, எங்கே பஞ்சம், எந்த நாயக்கர் என்ன செய்தார் என்றும் எழுதி வைத்தார்கள். 1924-இல் சத்தியநாத ஐயர் மதுரை நாயக்கர்களின் வரலாற்றை எழுதி வெளியிட்டபோது அந்தக் கடிதங்களைப் பெரிதும் பயன்படுத்தினார். பலவற்றை மொழிபெயர்த்து நூலின் பிற்சேர்க்கையாகவே கொடுத்தார். குருக்கள் எழுதியது கீழ்ப்படிதலுக்காக. நாட்டுக்குக் கிடைத்தது வரலாறு. இன்று கொடைக்கானல் மலையில் செண்பகனூரில் சேசுசபையாரின் காப்பகம் இருக்கிறது. அங்கே போய் உட்கார்ந்து படிப்பவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு.

குருக்கள் படித்தவர்கள், அவர்களால் முடிந்தது என்று தட்டிக் கழிக்கவும் வழியில்லை. செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா என்பவர் புத்தகங்களோடு நில்லாமல், கலியாணப் பத்திரிகை, நாடக நோட்டீசு என்று பிறர் வீசியதையெல்லாம் பொறுக்கிச் சேர்த்தார். 1992-இல் அவர் காலமானார். அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை விலைக்கு வாங்கிற்று. நல்ல வேளையாக அதைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகவில்லை. 1994-இல் சென்னையிலேயே அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகமாயிற்று.

இனி நம் ஊருக்கு வருவோம். பக்கத்தில் திருவாலங்காடு இருக்கிறது. 1905-இல் அங்கே இராசேந்திர சோழனின் செப்பேடுகள் கிடைத்தன, மொத்தம் 31. பழையனூரைக் கோயிலுக்குக் கொடுத்த தான சாசனம் அது. நிலம் கொடுத்த பத்திரந்தான்; ஆனால் சோழர் குலத்தின் வரலாறே அதிலிருந்து தெரிய வந்தது. செம்பில் எழுதினார்கள், போகியில் வேகவில்லை!

நமக்கோ காகிதந்தான். அதிலும் நம் பக்கத்துக் காகிதங்கள் மாவட்டம் மாவட்டமாக அலைந்தவை. இந்தத் திருத்தணிச் சீமை 1911 வரை வட ஆர்க்காட்டில் இருந்தது. அவ்வாண்டு சித்தூர் மாவட்டம் பிறந்தபோது அதோடு போயிற்று. 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது ஆந்திரத்தில் சேர்ந்தது. ம.பொ.சி. அவர்களும் மங்கலங்கிழார் போன்றோரும் உழைத்த வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கரின் தீர்ப்பு, இவற்றுக்குப் பின் 1960 ஏப்ரல் முதல் நாள் சென்னை இராச்சியத்துக்குத் திரும்பிச் செங்கற்பட்டு மாவட்டத்தில் அமர்ந்தது. 1997 முதல் திருவள்ளூர். பாட்டனுக்கு வட ஆர்க்காடு, மகனுக்குச் சித்தூர், பேரனுக்குச் செங்கற்பட்டு, கொள்ளுப்பேரனுக்குத் திருவள்ளூர். நால்வரும் பிறந்தது ஒரே திண்ணை வீட்டில்! ஒரு பழைய தாளைத் தேடி எந்தக் கச்சேரிப் படி ஏறுவது? எழும்பூரில் 1670 முதலான அரசாங்கப் பதிவுகளைக் காத்துவரும் ஆவணக் காப்பகம் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அங்கே இருப்பது அரசாங்கம் நம்மைப் பற்றி எழுதியது. நாம் நம்மைப் பற்றி எழுதியது தகரப் பெட்டியில்தான் இருந்தது.

என்ன இருந்திருக்கும்? கோலார் தங்க வயலுக்குப் போனவர்களின் கடிதங்கள். அந்தச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது; இனி அங்கிருந்து யாரும் எழுதப் போவதில்லை. ரயில்வேயில் வேலை பார்த்தவர்களின் சம்பளச் சீட்டுகள். மரியாயின் சேனையின் வாரக் குறிப்பேடுகள். பாதி தெலுங்கும் பாதி தமிழுமாக மாமியார் மருமகளுக்கு எழுதிய கார்டுகள்.

தப்பியது ஒன்று உண்டு. பழைய உபதேசியார் ஒருவரின் நாற்பது பக்க நோட்டு, அவர் பேத்தி அரிசிப் பானைக்கு மேல் பரணில் வைத்திருந்தாள். கோயில் கட்டப் பெண்கள் உலையிலிருந்து எடுத்துச் சேர்த்த பிடி அரிசிக் கணக்கு அது. வாரம் ஒரு பக்கம், வீட்டுக்காரி பெயர், எத்தனை படி. ஒரு பெயருக்கு நேரே ஏழு வாரம் தொடர்ந்து “இல்லை” என்று எழுதியிருக்கிறது. எட்டாம் வாரம் “அரைப் படி, தானே கொண்டுவந்தாள்” என்று இருக்கிறது. அந்த அம்மாளின் பெயர் கல்வெட்டில் கிடையாது. நன்கொடையாளர் பட்டியலிலும் கிடையாது.

திருச்சபைக்கு இது புதிய கடமை அன்று. 1563-இல் திரிதெந்தீன் பொதுச்சங்கம் திருமணப் பதிவேடு வைக்கப் பணித்தது. 1983-இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 535-ஆம் சட்டம், ஒவ்வொரு பங்கிலும் ஆவண அறை இருக்க வேண்டும், பழைய ஏடுகளைக் கருத்தாய்ப் பேண வேண்டும் என்கிறது. வத்திக்கான் காப்பகத்தைப் பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசர் 1881-இல் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டார். இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பன்னிரண்டாம் பத்திநாதரின் காகிதங்கள் 2020-இல் திறக்கப்பட்டன. நம் மேற்றிராசனத்துப் பங்குகள் இதில் எப்படி இருக்கின்றன என்று கேட்டுவிடாதீர்கள்; நம் பங்கில் இந்த அறையில் நேற்றுவரை கொடித்துணியும் பழைய ஒலிபெருக்கியும் இருந்தன.

சிலருக்கு ஓர் அச்சம் உண்டு. “வீட்டு வழக்கெல்லாம் அந்தக் கடிதத்திலே இருக்கே சாமி, ஊரார் படிப்பார்களே?” நியாயமான அச்சம். கொடுப்பவர் சொன்னால், சொல்லுகிற ஆண்டு வரை கட்டைப் பிரிக்காமல் முத்திரையிட்டு வைப்போம். முப்பது ஆண்டு என்றால் முப்பது ஆண்டுதான். மூலத்தைக் கொடுக்க மனமில்லாதவர் ஒரு நாள் இரவல் தந்தால் போதும். இளைஞர்கள் கைப்பேசியில் படமெடுத்துத் திருப்பித் தருவார்கள். ஆனால் படம் இருக்கிறதே என்று மூலத்தை எறிய வேண்டாம். கைப்பேசிக்கு ஆயுள் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும்.

இன்னும் ஒன்றிரண்டு. காகிதங்களைத் தரம் பிரிக்கிறோம் என்று கலைத்து அடுக்காதீர்கள். தாத்தா எந்தக் கட்டில் எதை வைத்தாரோ அப்படியே வரட்டும். எது எதோடு இருந்தது என்பதும் ஒரு செய்திதான். கிழிசலுக்கு ஒட்டு நாடா வேண்டாம், லாமினேஷன் கூடவே கூடாது. துருப்பிடித்த குண்டூசியை மெல்ல எடுத்துவிடலாம். மற்றபடி கையெழுத்து நன்றாயில்லை, எழுத்துப்பிழை இருக்கிறது என்று வெட்கப்பட்டு எதையும் ஒதுக்க வேண்டாம்.

சக்கிரீஸ்து அறைக்குப் பக்கத்து அறையை வெள்ளையடித்து, சுவரை ஒட்டாமல் இரும்பு அலமாரி ஒன்று வைத்திருக்கிறோம். சாவி இரண்டு: ஒன்று நம்மிடம், ஒன்று பங்குப் பேரவைச் செயலரிடம். ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின் இளைஞர்கள் அங்கே இருப்பார்கள். கொடுப்பவர் பெயரும் பொருளும் எழுதி ரசீது தருவார்கள். பிடி அரிசி நோட்டுக்கு முதல் ரசீது எழுதியாயிற்று. சென்ற ஞாயிறு கீழ்த்தெருப் பாட்டி ஒருவர் மஞ்சள் பையில் ஒரு கட்டுக் கொண்டுவந்து, நூலைப் பிரிக்காமலே மேசைமேல் வைத்து, “எனக்குப் படிக்கத் தெரியாது சாமி, அவர் எழுதினது” என்று சொல்லிவிட்டுப் போனார். அது இரண்டாம் ரசீது. மூன்றாம் எண்ணுக்குத் தாள் தயாராக இருக்கிறது. போகிக்கு முன் வாருங்கள்.